பாதி மட்கியதும் எடு: வீட்டுக் குப்பையிலும் பட்டறைத் தூளிலும் எரிகட்டி செய்த அனுபவம்

எரிகட்டி, அதாவது கழிவை அழுத்திச் செய்யும் அடுப்பெரி கட்டி, செய்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது அச்சைப் பற்றித்தான். குழாய் எத்தனை அங்குலம், ஜாக்கி வைத்தாயா நெம்புகோலா, எத்தனை டன் அழுத்தம். கேட்பது புரிகிறது. இரும்பு, மரம், போல்ட், நட்டு என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய பகுதி அதுதான். ஆனால் அச்சு ஒரு விடுமுறை நாளில் முடிகிற வேலை. அதற்குள் போடுகிற சரக்கைப் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் வாரக்கணக்கில் நம்மை வேலை வாங்குகிறது. சரக்கு பதமாக இருந்தால் ஒரு மரக்கட்டையை வைத்து மிதித்துக்கூடக் கட்டி செய்யலாம். பதம் தவறினால் பத்து டன் ஜாக்கியும் உதவாது.

ஏன் அப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் மரத்தூளை எரிகட்டியாக்கும் முறை வேறு. அங்கே தூளை நன்றாகக் காயவைத்து, திருகு இயந்திரத்திலோ உந்துதண்டு இயந்திரத்திலோ கடும் அழுத்தத்தில் திணிக்கிறார்கள். உராய்வில் எழும் சூட்டில் மரத்துக்கு விறைப்பு கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது தானே பசையாக இறுகிவிடுகிறது. அந்த அழுத்தமும் சூடும் வீட்டில் நமக்குக் கிடையாது. அதனால் நாம் போகவேண்டிய வழி ஈரமுறை. நார்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிழிந்தால், நீர் வெளியேற வெளியேற அவை ஒன்றோடொன்று சடைபிடித்த முடி போலப் பின்னிக்கொள்ளும். காய்ந்ததும் பின்னல் இறுகிவிடும். பசை வேண்டாம், மாவு வேண்டாம், களிமண் வேண்டாம். காகிதம் உருவாவதும் இதே அடிப்படையில்தான்.

இந்த முறையைப் பலருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் பிரையன்ட் வெறும் மரச்சட்டங்களால் ஒரு நெம்புகோல் அச்சை வடிவமைத்தார். ரிச்சர்ட் ஸ்டான்லி தன் லெகஸி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வழியாக அந்த அச்சையும், நடுவில் ஓட்டையுள்ள வட்டக் கட்டியையும் ஆப்பிரிக்க நாடுகளில் பயிற்சி கொடுத்துப் பரப்பினார். இன்று வீட்டில் இதைச் செய்கிற பெரும்பாலோர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த வழியில்தான் போகிறோம்.

சரி, நார் எங்கிருந்து வரும்? காய்ந்த இலையை அப்படியே நொறுக்கித் தண்ணீரில் போட்டால் நார் கிடைக்காது, சருகுத் துண்டுகள்தான் மிதக்கும். இலையிலும் தண்டிலும் நார்களைச் சுற்றிப் பெக்டின் என்ற இயற்கைப் பசை, மெழுகு போன்ற பொருட்கள் பூசினாற்போல் இருக்கின்றன. மட்கும்போது நுண்ணுயிரிகள் முதலில் தின்பது சர்க்கரையையும் பெக்டினையும்தான். அடுத்து நார்களுக்கு இடையே உள்ள ஹெமிசெல்லுலோஸ், அதற்கு அப்புறம்தான் நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸ். லிக்னின் கடைசி. ஆக, சுற்றியுள்ள பொருள் கரைந்து நார் தளர்ந்து நிற்கும் ஓர் இடைக்காலம் உண்டு. அதைப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும். தோட்டத்துக்கு உரம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவர்கள் காத்திருப்பது கறுப்பாக, பொலபொலவென்று, மண்வாசனையோடு வரும் மட்குக்கு. எரிகட்டிக்கு அது பயன்படாது. நாரும் போயிருக்கும், எரிபொருளாக இருக்கவேண்டிய கார்பனில் பெரும்பகுதி கார்பன் டையாக்சைடாக வெளியேறியிருக்கும். முழுதும் மட்கிய குவியல் உலர் எடையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறதே, அந்தச் சூடு நம் அடுப்புக்கு வரவேண்டியது.

குப்பையைப் பிரிப்பது அலுப்பான வேலை, ஆனால் இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. வீட்டுப் பக்கத்தில் எடுத்துக்கொள்வது காய்ந்த இலை, வெட்டிய புல், மெல்லிய தண்டுகள், அட்டைப்பெட்டி, செய்தித்தாள், காய்ந்த தேயிலைச் சக்கை. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் இதில் சேராது. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சத்தில் நைட்ரஜன் அதிகம், நார் கொஞ்சம். காய்ந்தால் ஒன்றும் தேறாது, எரிந்தால் புகையும் நாற்றமும்தான். அதைத் தோட்டத்து உரக்குழிக்கே அனுப்புங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மண்ணுக்கு உரம் தேவைப்படுகிற தோட்டம் இருக்கிறவர்கள் இலைகளை எரிக்காமல் மண்ணுக்குக் கொடுப்பதுதான் மேல். சுத்தமான அட்டையை மறுசுழற்சிக்கு எடுக்க ஆள் இருந்தால் அங்கே போகட்டும். எரிகட்டி என்பது இந்த இரண்டுக்கும் போக மிஞ்சுகிற சரக்குக்கான வழி.

பட்டறைத் தூள்தான் ஆபத்தான பகுதி. மரத்தூள் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் சாக்கில் இருப்பது ஒரே பொருளல்ல. பலகையை அறுத்த தூள், இழைப்புளியிலிருந்து வந்த சுருள், இவை நல்ல சரக்கு. பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை ஒட்டிச் செய்த பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை ஒட்டிச் செய்த பலகை) ஆகியவற்றில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் போன்ற பிசின்தான் பிடிமானம். அந்தத் தூளை அடுப்பில் போட்டால் வீட்டுக்குள் வரும் புகை நல்லதல்ல. மைக்கா ஒட்டிய பலகைக்கும் அதே கதை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். எல்லாவற்றையும்விட மோசம், கரையான் வராமல் இருக்க மருந்தேற்றிய மரம். குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த கரைசலில் அழுத்திப் பதப்படுத்திய மரத்தை எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல் செடிக்கடியில் போனால் அடுத்து எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூள் உறிஞ்சும் இயந்திரம் இருக்கும் பட்டறையில் எல்லாத் தூளும் ஒரே பையில் சேர்ந்துவிடும். அதிலிருந்து நல்லதைப் பிரிக்கவே முடியாது. அதனால் பலகை வேலைக்கு ஒரு பை, ஒட்டுப்பலகை வேலைக்கு வேறு பை என்று மாற்றுவதுதான் என் ஏற்பாடு. சந்தேகம் வந்தால் அந்தப் பை எரிகட்டிக்கு இல்லை, அவ்வளவுதான். தூளைக் கொட்டும்போது ஒரு காந்தத்தை அதில் துழாவி எடுத்தால் ஆணித்துண்டு, இரும்புத்துகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உப்புத்தாள் தேய்த்த பொடியும் வேண்டாம், அதில் தேய்ப்புத் துகள்கள் இருக்கும், நாரும் இல்லை. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைத் தூள் சாக்குக்குப் பக்கத்தில்கூடப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும், கசங்கிக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். கடினமரத் தூளைச் சுவாசிப்பது மூக்குப் பகுதியில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கொட்டும்போதே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் தூள் பறக்காது.

இனி மட்க வைப்பது. மரத்தூளை மட்க வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நானூறு பங்கு அளவில் கார்பன் இருக்கிறது. நுண்ணுயிரிகளுக்குத் தோதானது ஒன்றுக்கு முப்பது. மரத்தூள் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அது நிரப்புச் சரக்கு, அவ்வளவே. கட்டிக்குக் கனமும் வெப்பமும் கொடுக்கும், பிடிமானம் கொடுக்காது. பிடிமானம் இலையிலிருந்தும் புல்லிலிருந்தும் காகிதத்திலிருந்தும்தான் வரவேண்டும். காய்ந்த இலைக்கு ஏறக்குறைய ஒன்றுக்கு ஐம்பதிலிருந்து எண்பது, பச்சைப் புல்லுக்கு ஒன்றுக்கு இருபதுக்குள். நாலு பங்கு இலைக்கு ஒரு பங்கு பச்சைப் புல் கலந்தால் குவியல் சீக்கிரம் சூடேறும். இலையை முதலில் நறுக்கிவிடுவது நல்லது. தடித்த, தோல் போன்ற இலைகள் நறுக்காவிட்டால் அடம்பிடிக்கும்.

ஈரம், பிழிந்த துணி அளவுக்கு இருந்தால் போதும். குவியல் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் உள்சூடு நிற்கும், 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூடு தணியும்போது ஒரு தடவை கிளறி, வெளியே இருந்ததை உள்ளே தள்ள வேண்டும். அம்மோனியா நெடி அடித்தால் புல் அதிகம், இலையோ கொஞ்சம் மரத்தூளோ சேர்க்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, தண்ணீரும் கூடிவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டால் பதில் வெயிலையும் இலையையும் பொறுத்தது. மெல்லிய இலை, வெப்பமான காலம் என்றால் இரண்டு வாரத்தில் பதம் வரும். தடித்த இலை, குளிர்காலம் என்றால் ஆறு வாரத்துக்கும் மேலே போகும். நாட்காட்டியை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

விரலால் பார்ப்பது இப்படி. குவியலின் நடுவிலிருந்து ஓர் இலையை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே திருகுங்கள். மடக்கென்று முறிந்தால் இன்னும் ஆகவில்லை. சேறு மாதிரி நசுங்கினால் தாண்டிப்போய்விட்டது. நரம்புகள் இழைஇழையாகப் பிரிந்து, இடையிலிருந்த சதை உதிர்ந்து வந்தால் அதுதான் பதம். நிறம் கரும்பழுப்பாக இருக்கும், ஆனால் இது இலை என்று பார்த்ததும் சொல்ல முடியும்.

பதம் வந்த அன்றைக்கே அச்சடிக்க நேரம் கிடைக்காமல் போகலாம். நுண்ணுயிரிகள் நமக்காகக் காத்திருக்காது. அப்போது சரக்கை வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்துவிடுங்கள். ஈரம் போனால் மட்குவது நின்றுவிடும். மூட்டை கட்டி வைத்துக்கொண்டு தேவைப்படும்போது நனைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கத்தால் வேலை என் கைக்கு வந்தது என்றே சொல்வேன். இலை கொட்டும் பருவத்தில் மட்க வைத்து, காயவைத்து மூட்டையாக்கிவிட்டால் அச்சு வேலையை நல்ல வெயில் காலத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

கலவைக்கு நான் தொடங்கும் அளவு, கன அளவில், பாதி மட்கிய இலையும் புல்லும் ஐந்து பங்கு, மரத்தூள் மூன்று பங்கு, காகிதக் கூழ் இரண்டு பங்கு. காகிதத்தையும் அட்டையையும் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, துளையிடும் இயந்திரத்தில் பெயின்ட் கலக்கும் தண்டைப் பூட்டிச் சுற்றினால் கூழாகிவிடும். பளபளப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம். அதில் களிமண்ணும் சுண்ணாம்பும் பூசியிருப்பதால் எரிவது குறைவு, சாம்பல் மிகுதி. தூள் பாதிக்கு மேல் போனால் கட்டி உதிரும். காகிதம் மிகவும் கூடினால் கட்டி உறுதியாக இருக்கும், ஆனால் உள்ளே காற்று நுழையாமல் கனன்றுகொண்டே புகையும்.

அளவெல்லாம் தொடக்கத்துக்குத்தான். முடிவு செய்வது கைப்பிடிச் சோதனை. ஒரு கைப்பிடிக் கலவையை எடுத்து முழுப்பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் மட்டும் வரவேண்டும். சரக்கே பிதுங்கி வந்தால் மட்கியது அதிகம், அல்லது கூழ் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை புஸ்ஸென்று விரிந்தால் நார் இன்னும் விறைப்பாக இருக்கிறது, இன்னும் மட்க வேண்டும். விரியாமல் நின்றால், ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உலுக்குங்கள். உடையாமல் தொங்கினால் அச்சுக்குப் போகலாம்.

அச்சைப் பற்றிக் கொஞ்சம். பத்து சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய், பக்கமெல்லாம் சிறு துளைகள். நடுவில் நிற்க இரண்டரை சென்டிமீட்டர் குழாய். மேலும் கீழும் ஓட்டையுள்ள வட்டத்தட்டுகள். கட்டியின் பரப்பு ஏறக்குறைய 73 சதுர சென்டிமீட்டர். இரண்டு மீட்டர்க் கம்பில் தாங்குமுனைக்கும் அச்சுக்கும் இருபது சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மறுமுனையில் நாற்பது கிலோ எடையைச் சாய்த்தால் அச்சில் விழுவது நானூறு கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரைக் கிலோ. பதமான சரக்குக்கு இது போதும். இரண்டு டன் ஜாக்கி வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 27 கிலோ வரை போகலாம். ஆனால் பிவிசி குழாய் அதற்கெல்லாம் ஆனதல்ல, பிளந்தால் துண்டுகள் பறக்கும். ஜாக்கி என்றால் இரும்புக் குழாயும் பற்றவைத்த இரும்புச் சட்டமும் வேண்டும். வேகமாக அழுத்துவதிலும் பயனில்லை. தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது நுண்ணிய சரக்கும் கூடவே ஓடிவிடும். மெதுவாக இறக்கி, சொட்டுவது நிற்கும்வரை ஓரிரு நிமிடம் அப்படியே பிடித்திருப்பதுதான் அழுத்தத்தைக் கூட்டுவதைவிடப் பலன் தரும். வடிந்த பழுப்பு நீரை அடுத்த கலவைக்கே ஊற்றுங்கள். வாளியில் தேக்கி வைத்தால் நாற்றத்தோடு கொசுவும் வரும்.

நடு ஓட்டை அழகுக்கு இல்லை. கட்டி உள்ளிருந்தும் காய அது வழி விடுகிறது. எரியும்போது அதற்குள் சூடு தேங்கி, காற்று மேல்நோக்கி இழுபட்டு, சுவர்கள் ஒன்றுக்கொன்று அனல் வீசிக்கொள்வதால் அது ஒரு குட்டி அடுப்பாகவே வேலை செய்கிறது. ஓட்டையில்லாத கட்டியைப் பற்றவைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

காயவைப்பதில் அவசரம் கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி. ஆறு சென்டிமீட்டர் உயரக் கட்டி அச்சிலிருந்து வரும்போது ஏறக்குறைய 350 கிராம், காய்ந்தபின் 130. நடுவில் போவது 220 கிராம் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 2.6 மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். அப்படியானால் இந்த 220 கிராமுக்குக் கிட்டத்தட்ட 0.57. காய்ந்த கட்டியில் இருப்பதே சுமார் 2 மெகாஜூல்தான். வெயில் சும்மா செய்கிற வேலையை அடுப்பிடம் கொடுத்தால் கால்வாசிக்கும் மேல் அங்கேயே போய்விடும், புகையும் கூடும். தரையில் வைக்காமல் வலைமேல் அடுக்கி, முதல் நாள் கழித்துத் திருப்பிவிட வேண்டும். நல்ல வெயிலில் நாலைந்து நாள், மூட்டமான காலத்தில் அதற்கும் மேல். காய்ந்ததா என்று பார்க்க ஒரே கட்டியை அடுத்தடுத்த நாட்களில் எடைபோடுங்கள். எடை மாறாவிட்டால் ஆயிற்று. வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் காற்றோட்டம் போதவில்லை. அந்தக் கட்டிகளை வெளியே எரித்துவிடுங்கள், வீட்டுக்குள் அடுக்க வேண்டாம்.

இதனால் எவ்வளவு வேலை நடக்கும்? ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 0.31 மெகாஜூல் வேண்டும். திறந்த அடுப்பில் எரிபொருளின் வெப்பத்தில் 15 சதவீதம் பாத்திரத்துக்குப் போனால், ஒரு கட்டிக்கு ஒரு லிட்டர். சுவர் சூழ்ந்து புகைபோக்கி இழுப்புள்ள நல்ல அடுப்பில் 30 சதவீதம் போனால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டியை மேம்படுத்த மெனக்கெடுவதைவிட அடுப்பை மாற்றினால் பலன் இரட்டிப்பு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. எரிவாயுவுக்கு மாற்று என்று எண்ணி இறங்கினால் ஏமாற்றம்தான். ஒரு கிலோ எரிவாயுவில் 46 மெகாஜூல், ஒரு கிலோ எரிகட்டியில் 15 அல்லது 16. திருகினால் பற்றி, திருகினால் அணையும் வசதியும் இதில் இல்லை. குளிக்கத் தண்ணீர் காயவைப்பது, நேரமெடுத்து வேகும் சமையல், பட்டறையில் பசை காய்ச்சுவது, இந்த மாதிரி வேலைகளுக்கு நிதானமாக நின்று எரியும் கட்டி மிகப் பொருத்தம்.

பற்றவைக்கும்போது சுள்ளியைக் கீழே போட்டு, கட்டிகளை ஓட்டைக்கு நேர் ஓட்டை வருமாறு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் தீ உள்வழியாக ஏறும். தொடக்கத்தில் புகை வரும், தீநாக்கு பிடித்ததும் குறைந்துவிடும். குறையாவிட்டால் காற்று வழியை அடைத்திருக்கிறீர்கள், அல்லது கட்டி காயவில்லை. புகை நின்று தணல் மட்டும் இருக்கும்போதுதான் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். அப்போது கார்பன் மோனாக்சைடு வரும், நிறமும் கிடையாது நெடியும் கிடையாது. மூடிய அறையில், குளிருக்காகத் தணலை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவது உயிரையே எடுத்துவிடும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. குப்பையில் செய்த எரிபொருள் என்பதால் புகைக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது. புகைபோக்கி இருக்கட்டும், இல்லையேல் வெளியே எரியுங்கள்.

சாம்பல் நிறைய வரும், மரக்கட்டையைவிடப் பல மடங்கு, ஏனென்றால் இலையிலேயே தாதுக்கள் அதிகம். அதில் பொட்டாஷும் சுண்ணாம்பும் இருப்பதால் செடிகளுக்குத் தூவலாம், அமில மண்ணை விரும்பும் செடிகளைத் தவிர. யூரியாவோடு கலந்து வைத்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். அடுப்பிலிருந்து எடுத்த சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, குறைந்தது இரண்டு நாள் கழித்தே கொட்டுங்கள். மேலே ஆறிப்போன மாதிரி இருந்தாலும் உள்ளே கனல் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும், மரத்தூள் சாக்கு இருக்கும் பட்டறையில் அது போதும்.